ஊட்டிக் குளிரில் வினைல் தரை: எங்கே சறுக்குகிறோம்?

ஜனவரி காலையில் டைல்ஸ் தரையில் வெறுங்காலை வைத்தவர்களுக்கு, ஊட்டியில் ஏன் இத்தனை பேர் வினைல், அதாவது பிவிசி பிளாஸ்டிக்கில் செய்த தரைப் பலகையோ விரிப்போ, தேடுகிறார்கள் என்று தெரியும். வினைலில் கால் அவ்வளவாகச் சில்லிடாது, உண்மைதான். ஆனால் 2 மி.மீ. வினைல் போர்வை ஆகிவிடாது. காலின் சூட்டை டைல்ஸைவிட மெதுவாக இழுக்கிறது, அவ்வளவே. அறையே கதகதப்பாகிவிடும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

வாங்கியதைக் கீழே கோயம்புத்தூரில் போடுகிற மாதிரியே இங்கேயும் போடுவது அடுத்த தவறு. எங்கள் வீட்டு வேலை டிசம்பரில் நடந்தது. மதியம் மேட்டுப்பாளையத்திலிருந்து பெட்டிகள் வந்து இறங்கின, மறுநாள் விடிந்ததுமே ஆட்கள் ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் ரப்பர் சுத்தியலால் தட்டும்போது 'டிக்' என்றொரு சத்தம். ஒரு பலகை இன்னொன்றோடு கோத்துக்கொள்ளும் மெல்லிய நாக்கு அப்பளம் போல ஒடிந்து கிடந்தது. அப்படி நான்கு பலகைகள். குளிரில் வினைல் விறைத்துப்போகும், தட்டினால் ஒடியும். ரோலாக வரும் விரிப்பு என்றால் பிரிக்கும்போதே மடிப்பில் வெடிக்கும். பெட்டிகளைப் போடப்போகும் அறையிலேயே 48 மணி நேரம் படுக்கவைத்து, அறையை ஹீட்டரால் 18 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். வேலை முடியும்வரை அதே சூடு தேவை. ஒட்டும் வகையென்றால் பசையும் குளிரில் சரியாகப் பிடிக்காது. ஹீட்டருக்கு வழியில்லையா? ஏப்ரல்வரை பொறுங்கள்.

அப்புறம், போட்ட தரை சும்மா கிடக்காது. இரவில் உறைபனி, பகலில் ஜன்னல் கண்ணாடி வழியே சுள்ளென்று வெயில். வினைல் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். 6 மீட்டர் நீளமுள்ள அறையில் 20 டிகிரி ஏறி இறங்கினால் வெறும் பிவிசி 7, 8 மி.மீ. நகரும். சுண்ணாம்புக்கல் பொடி கலந்த எஸ்பிசி பலகை அவ்வளவு நகராது. ஹீட்டர் ஓடாத வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். இருந்தாலும் சுவரோரம் இடைவெளி விட்டே ஆக வேண்டும். பெட்டிக்குள் வரும் தாளில் எத்தனை மி.மீ. என்று போட்டிருக்கும், பெரும்பாலும் 6 முதல் 10. சுவரடியில் பொருத்தும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். இடைவெளி விடாமல் சுவரை முட்டப் போட்டால் வெயில் நாளில் நடுத்தரை கூடாரம் போலத் தூக்கும். மெத்தென்று இருக்கட்டும் என்று அடியில் தடித்த ஃபோம் விரிப்பதும் வேண்டாம். மிதிக்கும்போதெல்லாம் பலகை அமுங்கி எழுந்து அதே நாக்கு ஒடியும்.

ஆனால் மலை வீட்டுத் தரையைக் கெடுப்பதில் குளிரைவிட ஓதம், அதாவது தரைக்குள்ளிருந்து ஏறும் ஈரம்தான் கைகாரன். வினைல் ஈரத்தை மேலே விடாது, அதனால் அது அடியிலேயே தங்கி, பசையை இளக்கி, பூஞ்சை பிடித்து நாற்றம் எடுக்கும். 2 அடிச் சதுர பாலித்தீன் தாளை சிமெண்ட் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ ஓதத்துக்கு வழி பார்க்காமல் வினைலைத் தொடாதீர்கள். இந்தச் சோதனையைக் காய்ந்த மார்ச்சில் செய்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் உண்டு. மழை அடித்து ஓயும் நாளில் செய்தால்தான் தரை உண்மையைச் சொல்லும்.

பழைய பங்களாக்களின் மரத்தரையில் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பலகைகளுக்கு அடியில் காற்று ஓடுவதற்காகச் சுவரின் அடிப்பகுதியில் துளைகள் விட்டிருப்பார்கள். குளிர் வருகிறதென்று அதில் துணியை அடைத்துவிட்டு, மேலே வினைலையும் விரித்தால் மரம் இரண்டு பக்கமும் மூச்சுவிட முடியாது. சில வருஷத்தில் உளுத்துப்போய்க் கால் உள்ளே இறங்கும். துளையைத் திறந்தே வைத்து வலை அடியுங்கள், எலி நுழையாமல் தடுக்க அது போதும்.

கரி போட்ட கணப்புச் சட்டியை வினைல்மேல் வைக்கவே கூடாது. அடியில் செங்கல் கொடுத்தாலும் சூடு இறங்கித் தரை இளகிக் கருகும். மூடிய அறையில் கரிப்புகை உயிரையே எடுத்துவிடும், அந்தச் சட்டி வாசலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.