தாத்தாவின் 303 ரைஃபிள்: உப்புத்தாளை எடுக்கும் முன்

கனடாவிலோ பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒரு வீட்டுப் பரணிலிருந்து பழைய ராணுவ ரைஃபிள் இறங்குகிறது என்றால், அது லீ-என்ஃபீல்டாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. நம்மூர் போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பழகிய அதே ‘த்ரீ நாட் த்ரீ’தான். அதிலும் 1907இல் வந்த எஸ்எம்எல்இ (குட்டை லீ-என்ஃபீல்டு) மார்க் 3, இரண்டாம் உலகப் போர்க்கால நம்பர் 4 ஆகிய இரண்டு மாடல்களில் ஒன்றுதான் பெரும்பாலும் கைக்கு வரும். இரண்டு போர்களில் தப்பி வந்த துப்பாக்கியை வாரிசு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாழாக்கிவிடுவதுதான் வேதனை.

‘இத்தனை வருஷமாகக் கிடக்கிறது, காலியாகத்தான் இருக்கும்’ என்ற நினைப்பே முதல் தவறு. மேகசினைக் கழற்றி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்புறத்தை மூடும் இரும்புத் தண்டு) பின்னுக்கு இழுத்து, தோட்டா அமரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். விரலாலும் தொட்டுப் பாருங்கள். அடுத்தது உரிமம். தாத்தாவிடம் இருந்த உரிமம் தானாகப் பேரனுக்கு வந்துவிடாது. பிரிட்டனில் சான்றிதழ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் 303 தடை செய்யப்பட்ட ரகம். காவல்துறையையோ உரிமம் பெற்ற விற்பனையாளரையோ முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இனி உப்புத்தாள். மரக்கட்டை கறுத்து எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடப்பதைப் பார்த்ததும் ‘கொஞ்சம் தேய்த்தால் புதுசாகிவிடும்’ என்று கை பரபரக்கும். அந்தக் கறுப்பில் பாதி, சிப்பாய்கள் வருஷக்கணக்கில் தேய்த்த ஆளி விதை எண்ணெய். மரத்தில் குத்தியிருக்கும் சின்னச் சின்ன முத்திரைகள், பரிசோதகர்களும் பழுதுபார்த்த பட்டறைகளும் விட்டுப்போன தடயங்கள். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதும் அவற்றைத்தான். பத்து நிமிஷம் தேய்த்தால் அவை மறைந்துவிடும், விலையும் கூடவே இறங்கும். போதாக்குறைக்கு, தேய்ந்த மரம் இரும்பின் விளிம்பைவிடத் தாழ்ந்து அசிங்கமாகத் தெரியும். மினரல் டர்பன்டைனில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து எடுங்கள். காய்ந்த பிறகு, காய்ச்சாத ஆளி விதை எண்ணெயைத் துளித்துளியாக விட்டு உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால், நீராவியில் மரநார் உப்பி மேலே வரும். முத்திரை இருக்கும் இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். முத்திரையும் பள்ளம்தானே, அதுவும் உப்பிவிடும். வார்னிஷ் வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் தேய்த்த துணி இன்னொரு ஆபத்து. சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

இரும்பிலும் இதே அவசரம்தான். ட்ரில்லில் கம்பி பிரஷை மாட்டித் துருவை எடுப்பவர்கள் கூடவே கறுப்புப் பூச்சையும் எடுத்துவிடுகிறார்கள். கடையில் விற்கும் அமிலத் துருநீக்கியும் அதையேதான் செய்யும். மெல்லிய எண்ணெயைத் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுத்தாலே செந்துரு போய்விடும். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் நம்பர் 4 ரைஃபிள்களில் கறுப்புப் பெயின்ட் இருக்கும். யாரோ வீட்டில் அடித்தது என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள், அது தொழிற்சாலையிலேயே அடித்தது.

கழற்றும்போது நடக்கும் விபத்து ஒன்று உண்டு. எஸ்எம்எல்இ-யின் பின்கட்டையை, அதாவது தோளில் பதியும் மரத்தை, ஒரு நீளத் திருகாணி பிடித்திருக்கும். அதன் பின்முனைத் தகட்டில் இருக்கும் சிறு கதவைத் திறந்து (உள்ளே பித்தளை எண்ணெய்க் குப்பி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்) நீள ஸ்குரூடிரைவரை விட்டால் திருகாணி கைக்கு எட்டும். எட்டுகிறதே என்று திருகினால் போச்சு. திருகாணியின் முன்முனை சதுரமானது; குழலைத் தாங்கும் முன்கட்டையின் பின்பக்கம் இருக்கும் சிறு தகட்டில் பொருந்தியிருக்கும். திருகாணி சுழன்றால் முன்கட்டை பிளந்துவிடும். அதனால் முன்கட்டையைக் கழற்றிய பிறகுதான் பின்கட்டை. அந்த முன்கட்டையையும் ஒரு முனையைப் பிடித்து நெம்பாமல், நேராகக் கீழே இறக்க வேண்டும்.

எண்களைப் பாருங்கள். போல்ட் கைப்பிடியில் இருக்கும் எண்ணும் துப்பாக்கி உடலில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறாக இருந்தால், போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளியைத் துப்பாக்கி மெக்கானிக் அளவுக்கருவி வைத்துப் பார்க்காமல் சுடக் கூடாது. நம்பர் 4-இல் இந்த இடைவெளியைச் சரிசெய்வதற்கென்றே 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் உண்டு. ‘டிபி’ என்று குத்தியிருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கு ஒதுக்கிய துப்பாக்கி, சுடுவதற்கு அல்ல. தோற்றத்தை வைத்துத் தோட்டா வாங்குவதும் ஆபத்து. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை 1960-களில் செய்த 2ஏ ரைஃபிள் பார்க்க எஸ்எம்எல்இ மாதிரியே இருக்கும், ஆனால் அதற்கு 303 தோட்டா அல்ல, 7.62 மி.மீ. தோட்டா.

பழைய ராணுவத் தோட்டா சுட்டால் குழலுக்குள் உப்பு படியும். வெறும் எண்ணெய்க்கு அது கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதற்குப் பிறகுதான் எண்ணெய். குழலைச் சுத்தம் செய்யும் கம்பியை எப்போதும் போல்ட் பக்கமிருந்தே விடுங்கள். வாய்ப்பக்கமிருந்து விட்டால் முனை தேய்ந்து குறி கெடும்.

போருக்குப் பிறகு வேட்டைக்காக முன்கட்டையை வெட்டிக் குறைத்த ரைஃபிள்கள் ஏராளம். உங்களுடையதும் அப்படியென்றால், மரம் வாங்க அலைவதற்கு முன் குழலை அளந்துவிடுங்கள். துப்பாக்கி காலி என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, போல்ட்டை மூடி, வாய்ப்பக்கமிருந்து ஒரு மரக்குச்சியை விட்டு, முட்டும் இடம்வரை குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்எல்இ, நம்பர் 4 இரண்டிலுமே சுமார் 25.2 அங்குலம் வர வேண்டும். வந்தால், பழைய உதிரி மரங்களைத் தேடி அசல் தோற்றத்துக்குக் கொண்டுவரலாம். குறைந்தால் குழலையும் வெட்டியிருக்கிறார்கள். அதற்குமேல் செலவழிக்காமல் அதை வேட்டைத் துப்பாக்கியாகவே விட்டுவிடலாம்.