பக்கத்து வீட்டு இடத்தில் சாரம் கட்ட வேண்டுமா? படிப்படியாக இப்படிச் செய்யுங்கள்

எங்கள் வீட்டு மேற்குச் சுவருக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் துணிக்கொடிக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை. போன ஐப்பசி மழையில் அந்தச் சுவரில் ஓதம் ஏறி, உள்ளே சுண்ணாம்பு உதிர ஆரம்பித்தது. வெளிப்பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்றார் மேஸ்திரி. சரி, பூசலாம். ஆனால் சாரக்கால் ஊன்ற வேண்டியது அக்காவின் மண்ணில்.

1. முதலில் பத்திரத்தை எடுங்கள். ‘நடை பாத்தியம்’ (அடுத்தவர் இடத்தில் நடந்துபோகும் உரிமை), ‘பொதுச் சுவர்’ போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று இரண்டு வீட்டுப் பத்திரத்திலும் பார்ப்பது நல்லது. இருந்தால் உங்களுக்கு ஏதோ ஓர் உரிமை இருக்கலாம். உதாரணமாக, அடுத்தவர் நிலத்தின் வழியாகக் குழாய் கொண்டுபோகும் உரிமை உள்ளவர், அதைப் பழுது பார்க்க அங்கே போய்த் தோண்டலாம். தோண்டிய இடத்தைப் பழையபடி ஆக்கித் தரவேண்டும். அடுத்தவர் நிலத்தின் மேல் ஒருவருக்கு உள்ள இத்தகைய உரிமைகளைப் பற்றிய 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டமே இதைச் சொல்கிறது. பத்திரத்தில் ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் அனுமதி கேட்பதுதான் வழி. இங்கிலாந்தில் இதற்கென்றே 1992-இல் சட்டம் போட்டார்கள். பக்கத்து வீட்டார் மறுத்தால் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு கேட்கலாம். நம்மூரில் அப்படித் தனிச்சட்டம் கிடையாது.

2. மேஸ்திரியிடம் நாள்கணக்கு கேளுங்கள். நான் கோட்டைவிட்டது இங்கேதான். “நாலு நாள் வேலை” என்றார், நானும் அக்காவிடம் நாலு நாள் என்றேன். பூசிய சுவருக்கு மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் தண்ணீர் அடிக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்தாம் நாள் காலை ஓஸ் பைப்போடு போய் நின்றால், கொடியில் துவைத்த புடவைகள்! சாரம் கட்ட, கொத்த, பூச, தண்ணீர் அடித்து நீராற்ற, சாரம் பிரிக்க எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் இரண்டு நாள் சேர்த்துச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பருக்குள் முடிகிற மாதிரி பாருங்கள்.

3. நேரில் போய்க் கேளுங்கள். போன் வேண்டாம். கொத்தனாரை அனுப்பவே அனுப்பாதீர்கள். “அக்கா, எங்க சுவர் பூசணும், உங்க பக்கம் சாரம் நிக்கணும். எந்த வாரம் உங்களுக்குத் தோதுப்படும்?” இவ்வளவு போதும்.

4. எழுதிக்கொள்ளுங்கள். பலர் தயங்குவது தூசிக்காக மட்டும் இல்லை. ‘இன்று விட்டால் நாளைக்குப் பாத்தியம் கொண்டாடுவார்களோ’ என்ற பயம்தான் பெரிது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது: யாருடைய அனுமதியும் இல்லாமல், தன் உரிமைபோல இருபது ஆண்டு தொடர்ந்து ஒரு வழியைப் பயன்படுத்தினால் உரிமை உண்டாகலாம். அனுமதி கேட்டு வாங்கியது அந்தக் கணக்கில் சேராது. ஆகவே கடிதத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்:

“என் வீட்டு மேற்குச் சுவர் பூச்சு வேலைக்காக, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, காலை 9 முதல் மாலை 5 வரை உங்கள் இடத்தைப் பயன்படுத்த அனுமதித்தீர்கள். இது தற்காலிக அனுமதி மட்டுமே. இதனால் எனக்கு எந்தப் பாத்தியமும் உண்டாகாது. சேதம் ஏற்பட்டால் என் செலவில் சரிசெய்து தருவேன்.”

ஆளுக்கொரு பிரதி. முத்திரைத்தாள் வாங்கிக்கொண்டு போனால் எதிராளி மிரண்டுவிடுவார்.

5. மறுத்தால்? சண்டை வேண்டாம், ஏணியைச் சத்தமில்லாமல் இறக்கவும் வேண்டாம், அது அத்துமீறல். மொட்டை மாடியிலிருந்து தொங்கு சாரம் போட முடியுமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். பத்திரத்தில் உரிமை இருந்தும் மறுத்தால் வக்கீலைப் பாருங்கள்.

6. வேலை நாளில். தொடங்கும் முன் அவர்கள் பக்கத்துத் தரை, செடி, தண்ணீர்த் தொட்டி மூடி எல்லாவற்றையும் படம் எடுங்கள். தொட்டி மேல் தார்ப்பாய், தரையில் பழைய சாக்கு. சிந்திய கலவையை அன்றன்றே கழுவச் சொல்லுங்கள்; காய்ந்தால் உளி வைத்துத்தான் கொத்த வேண்டும். இதற்கு நாலரை மணிக்கே சித்தாளை ஒதுக்கிவிடுங்கள், ஐந்து மணிக்கு மேல் யாரும் நிற்க மாட்டார்கள்.