நண்பனோடு நீண்ட கார் பயணம் முடிந்து வீடு திரும்பியதும்: வண்டி, கணக்கு, படங்கள்

தருமபுரியிலிருந்து குஜராத்தின் கட்ச் வரை காரில் போய்த் திரும்பினோம், நானும் கிருஷ்ணகிரியில் இருக்கும் நண்பனும். கார் என்னுடையது. வண்டியைச் சுத்தம் செய்வது, செலவைப் பிரிப்பது, இருவர் எடுத்த படங்களையும் ஒன்று சேர்ப்பது ஆகிய மூன்றையும் எந்த வரிசையில் செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். முதல்முறை இப்படிப் போய்வருபவர்களுக்கு உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பார்த்து முடிக்கும் முன் கணக்கை மூடாதீர்கள். பலரும் ஊர் திரும்பிய இரவே "நீ எவ்வளவு போட்டாய், நான் எவ்வளவு போட்டேன்" என்று பேசி முடித்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் மெக்கானிக் ஒரு பில் நீட்டுவார். அது காருக்குச் சொந்தக்காரன் தலையில் விழும். கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் மனசு ஒப்பாது. கூடவந்தவனுக்கோ அப்படி ஒரு செலவு வந்ததே தெரியாது. பணத்தைவிட இந்த மௌனம்தான் நட்பைக் கெடுக்கும்.

படி 1: நண்பனை இறக்கிவிடும் முன்

டெல்லியில் தொடங்கி ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே, பெங்களூரு வழியாகச் சென்னைக்குப் போகும் 48ஆம் எண் நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரி வரை நமக்குத் துணை வரும். அங்கிருந்து தருமபுரிக்கு 44இல் தெற்கே இறங்க வேண்டும். ஓசூரைத் தாண்டியதும் வீடு வந்துவிட்ட மாதிரியே தோன்றும். சூளகிரி பக்கம் ஒரு டீ குடித்து, காலை நீட்டி நடந்துவிட்டுக் கிளம்புங்கள். தூக்கம் வந்தால் கிருஷ்ணகிரியில் நண்பன் வீட்டிலேயே படுத்துவிடுங்கள். மீதி ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தானே என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள். சேலம் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: தொப்பூர் கணவாய் இறக்கத்தைத் தூக்கக் கலக்கத்தில் தொடவே கூடாது. பகலில் இறங்கினாலும் சின்ன கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விடாதீர்கள்.

நண்பன் இறங்கும் முன் அவன் ஊர் பங்கிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். கிளம்பியபோதும் முழு டேங்க், முடித்தபோதும் முழு டேங்க் என்றால் பெட்ரோல் கணக்கில் குழப்பமே வராது. நடுவில் போட்ட பில்களையும் இந்தக் கடைசி பில்லையும் கூட்டினால் அதுதான் பயணத்தின் பெட்ரோல் செலவு. அப்புறம் ஓடோமீட்டரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் பொதுவான கிலோமீட்டர் அங்கே முடிகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு நான் ஓட்டியது என் சொந்தச் செலவு. வழியில் டோல்கேட்டும் இல்லை. பாளையம் டோல்கேட் தருமபுரியைத் தாண்டித்தான் வரும்.

படி 2: வந்த இரவு

சாப்பாட்டுப் பொருள், ஈரத் துணி இரண்டையும் மட்டும் வெளியே எடுங்கள். பில்களை ஒரு கவரில் போட்டுத் தூங்கப் போங்கள். மற்றதெல்லாம் காலையில்.

படி 3: மொத்தத்தையும் வெளியே எடுப்பது

காலையில் வாசலில் ஒரு தார்ப்பாயை விரித்து வண்டியில் இருக்கும் எல்லாவற்றையும் அதில் வையுங்கள். நண்பனுடைய பொருளுக்கென்று ஒரு கட்டைப்பை தனியாக இருக்கட்டும். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுங்கள். சார்ஜர், மாத்திரை அட்டை, ஒற்றைச் செருப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். டென்ட் கொண்டுபோயிருந்தால் மொட்டை மாடியில் விரித்து நன்றாகக் காயவைத்த பிறகே மடியுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

படி 4: வண்டி

கட்ச் போனவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. வெள்ளை உப்பு வெளியைப் பார்க்க தோர்டோ போனாலும் சரி, ஹரப்பா காலத்துத் தோலாவீராவுக்கு உப்பு வெளி நடுவே போகும் நேர்ச்சாலையில் இறங்கி நின்றாலும் சரி, அந்த உப்பு வண்டியோடு ஒட்டிக்கொண்டு நம்ம ஊருக்கு வந்துவிடுகிறது. மேலே பார்த்தால் தெரியாது. முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மட்ஃபிளாப்பின் உள்மடிப்பில் விரலை விட்டுச் சுரண்டினேன். காய்ந்த கருஞ்சேறு ஒரு கட்டியாகப் பெயர்ந்து வந்தது. உடைத்தால் நடுவில் சர்க்கரைத் துகள்போல உப்பு மின்னியது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் இரும்பைச் சீக்கிரமே துருப்பிடிக்க வைக்கும். அதனால் மேல்பக்கத்துக்கு ஷாம்பு போடும் முன், அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் பீய்ச்சுங்கள்.

இதற்கு மட்டும் வீட்டுக் குழாய் போதாது. வண்டியைத் தூக்கி நிறுத்தும் வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போங்கள். நான்கு சக்கரங்களுக்கும் மேலே உள்ள வளைவு, மட்ஃபிளாப், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, ஸ்டெப்னி வைக்கும் இடம் என்று கூடவே நின்று காட்டுங்கள். கழுவியதும் வண்டிக்கு டீசல் தெளிக்கட்டுமா என்பார்கள், அதற்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் ரப்பர் பாகங்களுக்கு நல்லதில்லை, தூசியும் ஒட்டும். பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் வேகமாகத் தண்ணீர் அடிக்கவும் விடாதீர்கள். வயர் இணைப்புகளில் தண்ணீர் இறங்கிவிடும். கழுவி முடித்ததும் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி டிஸ்க்கைக் காயவிடுங்கள்.

மேல்பக்கத்தை வீட்டிலேயே கழுவலாம். ஆனால் நம்ம பக்கத்து போர் தண்ணீரின் குணத்தை மறந்துவிடக் கூடாது. ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கக் கிடைத்தாலும் மற்ற எல்லாவற்றுக்கும் பல வீடுகளில் இன்னும் போர்தான். உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த அந்தத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் கண்ணாடியிலும் பெயின்டிலும் வெள்ளைத் திட்டுத் திட்டாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "கட்ச் உப்பு இன்னும் போகவில்லை" என்று மறுபடியும் போர் தண்ணீரையே ஊற்றினால் திட்டு கூடத்தான் செய்யும். நிழலில் நிறுத்தி, ஒவ்வொரு பக்கமாகக் கழுவி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். பனியன் துணி வேண்டாம். முன் பம்பரில் ஒட்டிக் காய்ந்த பூச்சிகளைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போர்த்தி வைத்தால் தானாக இளகி வரும்.

அப்புறம் டயர். மூட்டை முடிச்சோடு போவதற்காகக் காற்றை ஏற்றி வைத்திருப்பீர்கள். அதை வழக்கமான அளவுக்குக் குறைக்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் அளவுதான் சரி. வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போது பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் காலையில் முதல் வேலையாகப் பாருங்கள். ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டினாலே எவ்வளவு தூசி தின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். முன் கண்ணாடியில் கல் பட்ட சிறு புள்ளி இருந்தால் உடனே சரிசெய்துவிடுங்கள், விட்டால் விரிசலாக ஓடும். நேரான சமதளச் சாலையில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்து ஓட்டிப்பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் வீல் அலைன்மென்ட். இவை எல்லாவற்றுக்கும் ஆகும் தொகையை எழுதி வையுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

படி 5: கணக்கு

என்னைத் திணறவைத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

செலவைப் பிரிக்கச் செயலிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது கூகுள் ஷீட்தான். இருவரும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்கலாம், எந்த எண் எங்கிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். தேதி, எதற்கு, எவ்வளவு, யார் கொடுத்தது, யாருக்காக என்று ஐந்து பத்தி போதும். அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

நான் 31,400 ரூபாய் கொடுத்திருக்கிறேன், நண்பன் 22,600 கொடுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 54,000, ஆளுக்கு 27,000, அவன் எனக்கு 4,400 தர வேண்டும். சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் என் 31,400இல், புஜ் கடைத்தெருவில் அவன் வீட்டுக்காக எடுத்த பாந்தனிச் சேலைக்கு நான் கொடுத்த 3,800 இருக்கிறது. அது பொதுச் செலவே இல்லை. அதை வெளியே எடுத்தால் நான் போட்டது 27,600, அவன் போட்டது 22,600, மொத்தம் 50,200, ஆளுக்கு 25,100. அவன் தர வேண்டியது பொதுவில் 2,500, சேலைக்கு 3,800, ஆக 6,300. இரண்டு விடைக்கும் இடையே 1,900 ரூபாய் வித்தியாசம், அதாவது சேலையில் பாதி. பாதிச் சேலையை நான் வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

பெரிய சிக்கல் யூபிஐ பட்டியலில் இருக்கிறது. வழியில் ஓட்டல், டீக்கடை, பஞ்சர் கடை எல்லாவற்றுக்கும் போனில்தான் பணம் போகிறது. வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறந்தால் கடைப் பெயர் பல இடங்களில் இருக்காது, கடைக்காரர் பெயர்தான் இருக்கும். யாரோ ஒருவருக்கு 640 ரூபாய், இன்னொருவருக்கு 180 ரூபாய். எது சாப்பாடு, எது பஞ்சர் என்று நினைவு வராது. இதற்கு வழி, படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. போனில் எடுத்த படத்தில் நேரம் இருக்கும், பணம் போனதிலும் நேரம் இருக்கும். அந்த 640க்குக் கொஞ்சம் முன் எடுத்த படத்தைத் திறந்தேன். எவர்சில்வர் தட்டில் கம்பு ரொட்டி, மேலே உருகும் வெண்ணெய், பக்கத்தில் வெல்லம். கம்பு நமக்கும் பழக்கம்தான் என்பதால் அதை ரொட்டியாகப் பார்த்ததும் படம் எடுத்திருந்தோம். கணக்கும் கிடைத்தது. அடுத்த பயணத்தில் பணம் அனுப்பும்போதே குறிப்பு இடத்தில் "சாப்பாடு", "பஞ்சர்" என்று ஒரு சொல் தட்டிவிடுங்கள்.

டோல் கட்டணத்துக்குக் குறுஞ்செய்திகளை நம்பாதீர்கள். சில சுங்கச்சாவடிகளில் பணம் எடுத்த தகவல் தாமதமாகத்தான் வரும். சில நாள் பொறுத்து, ஃபாஸ்டேக் கொடுத்த வங்கியின் தளத்திலிருந்து முழுப் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே டோல்கேட்டில் இரண்டு முறை எடுத்திருந்தால் அந்த வங்கியில் புகார் கொடுக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033ஐயும் அழைக்கலாம்.

இப்போது வண்டித் தேய்மானம். பயணத்தில் ஏற்பட்ட பஞ்சர், கண்ணாடிப் புள்ளி, உப்பைக் கழுவிய செலவு எல்லாம் நேராகப் பொதுச் செலவு. டயரும் ஆயிலும் கிலோமீட்டர் கணக்கு. 20,000 ரூபாய் டயர் செட் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு 50 பைசா. 4,000 ரூபாய் சர்வீஸ் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால் 40 பைசா. ஆக 90 பைசா. 4,500 கிலோமீட்டர் பயணத்துக்கு 4,050 ரூபாய், கூடவந்தவர் பங்கு 2,025. உங்கள் வண்டிக்குரிய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ், கடன் தவணை இவற்றைச் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. பயணம் போகாவிட்டாலும் அவற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும். கார் இல்லாத நண்பராக நீங்கள் இருந்தால், இந்தப் பேச்சை நீங்களே எடுங்கள். எங்கள் கணக்கில் "டயர் எவ்வளவு?" என்று முதலில் கேட்டது அவன்தான். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

படி 6: படங்கள்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களும் போய்விடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் இருவரும் ஏற்றுங்கள். போன் நேரம் தானாகச் சரியாக இருக்கும், கேமரா நேரம் அப்படி இருக்காது. இரண்டையும் கலந்தால் மதியப் படம் காலைப் படத்துக்கு முன்னால் வந்து நிற்கும். இரண்டிலும் பதிவான ஒரே காட்சியைத் தேடிப் பிடித்து, நேர வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, டிஜிகேம் மென்பொருளில் கேமராப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து நேரத்தை மொத்தமாக நகர்த்துங்கள். இலவச மென்பொருள்தான். இரண்டு இடத்தில் பிரதி எடுக்கும் வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள்.

பிற்சேர்க்கை

ஆண்டு ஃபாஸ்டேக் பாஸ் வைத்திருப்பவர்கள் டோலை எப்படிப் பிரிப்பது என்று பின்னூட்டத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். 2025 ஆகஸ்ட் 15 அன்று அந்தப் பாஸ் வந்தபோது விலை 3,000 ரூபாய், ஓராண்டு அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. அந்த விலையில் ஒருமுறைக்கு 15 ரூபாய். நீங்கள் பாஸ் வாங்கிய விலையை 200ஆல் வகுத்து, தாண்டிய எண்ணிக்கையால் பெருக்கிப் பாதியாக்குங்கள். நுழைவிலும் வெளியேற்றத்திலும் பதிவாகும் சாலைகளில் இரண்டும் சேர்ந்துதான் ஒருமுறை. வழக்கமான டோல் கட்டணத்தில் பாதியை நண்பரிடம் வாங்குவது நியாயமில்லை, நீங்கள் அதைக் கட்டவே இல்லையே.

இன்னொரு வாசகர் சொன்னது: பாஸ் இருந்தும் மும்பை–புனே விரைவுச்சாலையில் பணம் போயிருக்கிறது. அது மாநில அரசின் சாலை. பாஸ் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் தேசிய விரைவுச்சாலைகளுக்கும் மட்டும்தான். ஷீட்டில் அந்தத் தொகையை மட்டும் தனி வரியாகப் போட்டு முழுசாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.