கோலாலம்பூரில் இறங்கியதும் ரயிலுக்கு ஓடாதீர்கள்

வழிகாட்டி வேலையில் இருப்பதால், கேஎல்ஐஏ விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் காத்து நிற்பது எனக்கு வழக்கமான பொழுது. முதன்முறை மலேசியா வருகிற நம் ஊர்க்காரர்கள் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் திரும்பிய பக்கம்தான். பாஸ்போர்ட் பத்திரம், பணத்தை இங்கே மாற்றாதே என்பதையெல்லாம் வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள்; அதை விடுகிறேன். நகரத்துக்குப் போகும் வண்டி விஷயத்தில் செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ரயில் என்றால் மலிவு என்று நம்புவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. சென்னை மின்சார ரயிலில் பத்து ரூபாய்க்குப் போய்ப் பழகியவர்களுக்கு ரயில் சிக்கனம், கார் ஆடம்பரம். இங்கே அந்தக் கணக்கு தலைகீழ். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் அருமையான ரயில், அதில் குறையே கிடையாது. முதல் முனையத்தில் ஏறினால் எங்கும் நிற்காமல் 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல், நகரத்தின் பெரிய ரயில் நிலையம். ஆனால் பெரியவருக்கு 55 ரிங்கிட். ஆளுக்கு 55.

விமான நிலையம் இருப்பது செப்பாங்கில், நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரத்துக்கும் சாதாரண கிராப் கார் (நம் ஊர் ஓலா, ஊபர் மாதிரி செயலியில் கூப்பிடுவது) பகலில் பெரும்பாலும் 70 முதல் 100 ரிங்கிட்டுக்குள் வந்துவிடும்; டோல் தனி. இது வண்டிக்கு.

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, எல்லோரும் பெரியவர்கள், ஐந்து பேர். ஆறு இருக்கை வண்டி ஒன்று கூப்பிடுகிறேன் என்றேன். "எதுக்கு தம்பி வீண் செலவு, ரயில்லயே போயிடுறோம்" என்றார் வீட்டுப் பெரியவர். 275 ரிங்கிட் கட்டிப் போனார்கள். அதோடு முடிந்ததா? ரயில் கேஎல் சென்ட்ரலில் இறக்கிவிட்டது. அறை இருந்தது நகரத்தின் இன்னொரு பகுதியான புக்கிட் பிந்தாங்கில். ஐந்து பேரும் அத்தனை பெட்டிகளும் ஒரு காரில் அடங்கவில்லை, இரண்டு கார் பிடித்தார்கள். மாலை நெரிசல் வேறு. முதலிலேயே அந்தப் பெரிய வண்டியில் ஏறியிருந்தால் ஏறக்குறைய பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். மறுநாள் காலை அவர் என்னிடம் சொன்னது: "ரயிலுக்கே இவ்வளவுன்னா, கார்க்காரன் எவ்வளவு கேட்டிருப்பான் பாருங்க!" நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, ரயில் யாருக்கு? தனியாக வருபவருக்கு, அவசரம் இருப்பவருக்கு. இருவர் என்றால் அறை எங்கே என்று பாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் என்றால் ரயில் நல்லது. கேஎல் சென்ட்ரலிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். மூன்று பேருக்கு மேல் போனால் என்னிடம் ரயில் பேச்சை எடுக்காதீர்கள். உண்மையான சிக்கனம் வேண்டுமா, பேருந்து இருக்கிறது. கேஎல் சென்ட்ரலுக்கு 15 ரிங்கிட் அளவில் முடியும், ஒரு மணி நேரம் ஆகும். நம் ஆட்கள் அதை ஏனோ கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

தேவையில்லாமல் நகரத்துக்குள் போவது

மலாக்காவுக்குப் போகிறவர் எதற்குக் கேஎல் சென்ட்ரல் வர வேண்டும்? விமான நிலையத்திலிருந்தே மலாக்காவுக்கும் ஈப்போவுக்கும் நேரடிப் பேருந்து உண்டு. மற்ற ஊர்களுக்கு என்றால் எக்ஸ்பிரஸை விட்டு, நின்று நின்று போகும் கேஎல்ஐஏ டிரான்சிட்டில் ஏறி பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்குங்கள். டிபிஎஸ் பேருந்து முனையம் அங்கேயே இருக்கிறது. ஊருக்குள் போய்விட்டு வந்த வழியே கொஞ்ச தூரம் திரும்பி வருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கிராப் செயலியை இங்கே வந்து இறக்குவது

விமான நிலையத்தில் வைஃபை கிடைக்கும், செயலியும் இறங்கும். ஓடிபி மட்டும் வராது, ஏனென்றால் அது உங்கள் இந்திய எண்ணுக்குப் போகிறது, அந்த சிம்மில் ரோமிங் இல்லை. ஊரிலேயே பதிவு செய்து, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம், வண்டி நீங்கள் வெளியே வருகிற வாசலில் நிற்காது. செயலி காட்டும் தளத்துக்கும் கதவுக்கும் போய் நில்லுங்கள்.

முனையம் பார்க்காமல் வண்டி கூப்பிடுவது

ஏர் ஏசியா இறங்குவது இரண்டாம் முனையத்தில். முதல் முனையம் பக்கத்து வாசல் அல்ல. நடுவே ரயில் ஓடுகிறது, 2 ரிங்கிட்.

கூடத்துக்குள்ளேயே "டாக்சி, டாக்சி" என்று ஒட்டி வருபவர்

வேண்டாம். தமிழில் பேசினாலும் வேண்டாம்.

இருட்டில் இறங்குவது

நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் நின்றுவிடும். டாக்சிக்கு இரவு 12 முதல் காலை 6 வரை கட்டணம் ஒன்றரை மடங்கு. திருச்சியிலோ சென்னையிலோ இரவு கிளம்பி ஐந்தே முக்காலுக்கு டாக்சி கவுண்டர் முன்னால் வந்து நிற்கிறீர்கள் என்றால், ஒரு தே தாரிக் குடித்துவிட்டு அப்புறம் சீட்டு வாங்குங்கள்.