அடைப்பில் ஓநாய்க் கூட்டம்: சண்டை முற்றுமுன் கவனிக்க வேண்டியவை

காட்டில் ஓநாய்க் கூட்டம் என்றால் ஒரு குடும்பம்: தாய், தகப்பன், ஓரிரு ஈற்றுக் குட்டிகள். வளர்ந்தவை பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தனியே போய்விடும். வேலி போட்டு வளர்க்கும் அடைப்பில் போக இடமில்லை, பாதிச் சண்டைக்கு அதுதான் காரணம். 'தலைமை ஓநாய்' என்ற பேச்சே விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் சுவிட்சர்லாந்தின் பாசெல் உயிரியல் பூங்காவில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து 1947-இல் எழுதியதிலிருந்து பரவியதுதான். காட்டு ஓநாய்க்கு அது பொருந்தாது என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் எழுதினார். ஆனால் அடைப்பில் வேலை பார்ப்பவர் அதை ஒதுக்கிவிட முடியாது.

முதலில் இடம். வலை எட்டடி உயரம், மேல்விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், மண்ணுக்குள் மூன்றடி இறங்கட்டும், ஓநாய் தோண்டும். குறுகிய மூலை கூடவே கூடாது. துரத்தப்படுவது அங்கேதான் மாட்டிக்கொள்ளும். புதர், பாறை, மண்மேடு என்று கண்ணுக்கு மறைவு வேண்டும். வளை இருந்தால் இரண்டு வாயாக இருக்கட்டும்.

இரை வைக்கும் இடங்கள் ஓநாய்களின் எண்ணிக்கையைவிடக் குறைந்தது இரண்டு கூடுதலாக, தள்ளித்தள்ளி இருக்க வேண்டும். இருபது கிலோ எடையுள்ள இந்திய ஓநாய்க்கு நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை, எலும்போடு. வெறும் சதையையே போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் குட்டியின் கால் வளையும்.

தினமும் காலையில், இரை போடுமுன், பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். இளையது உடலைத் தாழ்த்தி, காதை ஒட்டவைத்து, வாலை இறக்கி ஆட்டிக்கொண்டே மூத்ததன் தாடையை நக்கும். மூத்தது முகத்தைத் திருப்பிக்கொண்டால் சரி, விஷயம் முடிந்தது. உறுமலும் பல்லிளிப்பும் பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் ரத்தம் வராது. மல்லாந்து படுத்துப் பணிந்த பிறகும் விடாமல் கடிப்பதும், ஒன்றைப் பலது சேர்ந்து துரத்துவதும்தான் கெட்ட அறிகுறி. துரத்தப்பட்டது வேலியோரமாகவே ஒதுங்கி, மற்றவை தின்று போனபின் வந்தால் எடையைப் பாருங்கள்.

கடி பெரும்பாலும் பின்தொடையிலும் வால் அடியிலும் விழும். அடர்ந்த ரோமம் காயத்தை மறைத்துவிடும். நம் ஊர் வெயிலில் ஈ மொய்த்துப் புழு வைத்தபின்தான் தெரியும். ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருந்தால் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இணைசேரும் பருவம் ஆண்டுக்கு ஒன்றுதான். அதற்கு முந்தைய வாரங்களில் இரண்டு வயது தாண்டிய மகளைத் தாயே விரட்டத் தொடங்கலாம். அப்போதே மகளை ஒரு துணையோடு பக்கத்து அடைப்புக்கு மாற்றுவது நல்லது. தனியே போட்டால் வேலியோரம் நடந்துகொண்டே இருக்கும். நெடுநாள் பிரிந்ததைத் திரும்பச் சேர்ப்பது பெரும்பாலும் பலிக்காது. முயன்றே ஆக வேண்டுமென்றால் முதலில் சில வாரம் வலைக்கு இருபுறமும் வைத்துப் பாருங்கள். வலையோரம் விறைத்து நின்று முறைப்பது குறையாதவரை கதவைத் திறக்காதீர்கள்.