சாயும் மூன்று சக்கர வண்டி: முதலில் பழைய சைக்கிளில் செய்து பாருங்கள்

காவேரிப்பட்டினத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், டிராக்டர் கலப்பை என்று எது வந்தாலும் செய்வேன். வருஷத்துக்கு நாலைந்து ஸ்கூட்டருக்கு சைடு வீலும் கட்டிக்கொடுப்பேன். அப்படி நானே கட்டிக்கொடுத்த வண்டியில்தான் என் மனைவியின் தம்பி, பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையில் கவிழ்ந்தான். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பியவன். முழங்கைத் தோல் உரிந்ததோடு தப்பித்தான். "மாமா, வளைவுல வண்டி சாய மாட்டேங்குது, நான் மட்டும் வெளிய போறேன்" என்றான்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். சைடு வீல்களுக்கு நடுவே 90 செ.மீ. ஆளும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 65 செ.மீ. உயரம். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் அந்த 90-ல் பாதி முழுசாக நமக்குக் கிடைக்காது. முன் சக்கரத்துக்கும் பக்கச் சக்கரத்துக்கும் கோடு போட்டால், எடை மையத்துக்கு நேராகப் பக்கவாட்டில் 30 செ.மீ.தான் தேறும். 30-ஐ 65-ஆல் வகுத்தால் 0.46. அதாவது, வளைவில் வெளியே தள்ளும் விசை எடையில் 46 சதவீதத்தைத் தொட்டால் உள்பக்கச் சக்கரம் எழும்பும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 24 கி.மீ. போனாலே போதும். சாலை வெளிப்பக்கம் சரிந்திருந்தால் அதற்கும் முன்பே. அதே வளைவில் அதே வேகத்தில் சாதாரண பைக் 25 டிகிரி சாய்ந்து, ஒன்றுமே நடக்காதது போலப் போய்விடும்.

மூன்று சக்கரமும் வேண்டும், சாயவும் வேண்டும். வெளிநாட்டில் இதை இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்கள். பின்னால் இரண்டு சக்கரம் வைத்து, அந்தப் பின்பாகம் தரையோடு இருக்க, முன்பாகம் மட்டும் நடுவிலுள்ள கீலில் சாய்வது ஒன்று. இங்கிலாந்தில் 1970-ல் வந்த ஏரியல் 3 இந்த வகை, அது விற்கவில்லை. அதே யோசனையை ஹோண்டா எடுத்து ஜைரோ என்று ஓட்டிக் காட்டியது. இன்னொன்று, முன்னால் இரண்டு சக்கரம், மூன்றும் சேர்ந்து சாய்வது. 2006-ல் பியாஜியோ எம்பி3, 2014-ல் யமஹா ட்ரைசிட்டி, 2018-ல் 847 சிசி யமஹா நிகென். நிகென் 45 டிகிரி வரை சாயும், எடை 263 கிலோ. நான் எடுத்தது இரண்டாவது வகை. பர்கூர் பக்கம் கிரானைட் லாரி கொட்டிப்போன ஜல்லியில் முன் டயர் வழுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்னால் இரண்டு டயர் இருந்தால் ஒன்றாவது பிடிக்கும்.

நேராக ஸ்கூட்டரில் கை வைக்காதீர்கள். பதிவு செய்த வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு விடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வேண்டும். சைக்கிளுக்கு அந்தத் தொல்லை இல்லை. விழுந்தாலும் நடக்கிற வேகத்தில்தான் விழுவோம்.

சைக்கிளுக்கும் முன்னால் அட்டை. படுக்கையாக இரண்டு பட்டை, நிமிர்ந்து மூன்று பட்டை, ஆறு குண்டூசி. நடுப்பட்டைதான் வண்டி, ஓரத்துப் பட்டைகள் சக்கரம். நடுப்பட்டையைச் சாயுங்கள், ஓரத்து இரண்டும் அதே அளவு சாயும். மேல் பட்டையை ஒரு சென்டிமீட்டர் குட்டையாக்கி மறுபடி சாய்த்துப் பாருங்கள், சக்கரத்துக்குச் சக்கரம் சாய்வு வேறாகும். இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்யாமல் நான் இரும்பை அறுத்து, ஒரு வாரக் கூலியை வீணாக்கினேன்.

அப்புறம் இரும்பு வேலை. 20 இன்ச் சிறுவர் சைக்கிள் இரண்டு பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். முன் ஃபோர்க்கை அது உட்காரும் பைப்போடு சேர்த்து அறுத்தெடுங்கள். பின்பாகத்துக்குப் பெரிய சைக்கிள். அட்டையில் படுக்கையாக வைத்த பட்டைகள்தான் இங்கே குறுக்குக் கைகள்; அவற்றுக்கு 25 மி.மீ. சதுர பைப், ஓரத் துளைக்கு ஓரத் துளை 45 செ.மீ. மேல் கையையும் கீழ்க் கையையும் ஒன்றாக வைத்து கிளாம்ப் போட்டு, ஒரே மூச்சில் துளையிடுங்கள். தனித்தனியாக டேப் வைத்து அளந்தால் ஒரு மில்லியாவது தப்பும். ஒவ்வொரு கீலுக்கும் 6201 பேரிங் இரண்டு. விலையைப் பார்த்து வெறும் போல்ட் போட்டால் ஆட்டம் வந்துவிடும். மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் நடுவே 20 செ.மீ. இருக்கட்டும், இடைவெளி குறையக் குறைய, கீலிலுள்ள சின்ன ஆட்டம் டயரில் பெரிதாகத் தெரியும்.

30 டிகிரி சாயும்போது, வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு சக்கரம் 11 செ.மீ. மேலே வரும், மற்றது 11 செ.மீ. கீழே போகும். இரண்டும் சேர்ந்து நடுவை நோக்கி ஆளுக்கு 3 செ.மீ. நெருங்கும். மட்கார்டு, பிரேக் கேபிள், ஓட்டுகிறவனின் கால்விரல் எல்லாவற்றுக்கும் இந்த இடத்தை முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

என்னை அழவைத்தது ஸ்டியரிங். ஹேண்டிலிலிருந்து இரண்டு ஃபோர்க்குக்கும் டை ராட், அதாவது சக்கரத்தைத் திருப்பும் கம்பி, போக வேண்டும். வசதிக்காக ராட்களின் உள்முனைகளை நடுவிலிருந்து 8 செ.மீ. தள்ளி இரு பக்கமும் பொருத்தினேன். வண்டி நிமிர்ந்து நிற்கும்போது பிரமாதம். சாய்த்ததும் சக்கரங்கள் இரண்டும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. காரணம் சாதாரணமானதுதான். குறுக்குக் கை நடு போல்ட்டைச் சுற்றி 22.5 செ.மீ. ஆரத்தில் சுழல்கிறது, ராட் அதைவிடக் குட்டையாக, வேறு இடத்திலிருந்து சுழல்கிறது. 30 டிகிரியில் ஒன்றரை சென்டிமீட்டர் பற்றாமல் போகிறது. உள்முனைகள் நடுக்கோட்டிலேயே இருக்க வேண்டும், நீளம் 22.5, கைக்கு இணையாக. ஹேண்டிலை நேராகக் கட்டிவிட்டு வண்டியை இரு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். சக்கரம் திரும்பாவிட்டால் சரி.

பிரேக்கில் ஒரே விஷயம்: ஒரு லீவரிலிருந்து இரண்டு கேபிள் போகும் இடத்தில் ஆடும் குறுக்குக் கட்டை வையுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் இழுக்கும்.

இவ்வளவும் செய்து முடித்து நிறுத்தினேன். வண்டி மெதுவாகச் சரிந்து படுத்தது. தாராளமாகச் சாயும் வண்டி நின்றாலும் சாயத்தானே செய்யும்! நாம் காலை ஊன்றுவோம். மாப்பிள்ளை எந்தக் காலை ஊன்றுவான்? யாருக்காக இதைச் செய்தேனோ, அவனுக்கே உதவாத இடம் இதுதான்.

அதனால் பூட்டு வேண்டும். எம்பி3-யில் மெதுவாகப் போகும்போது எலக்ட்ரானிக்ஸ் உதவியோடு ஹைட்ராலிக் பூட்டு விழுகிறது. நான் சைக்கிள் டிஸ்க் பிரேக்கை எடுத்தேன்: 160 மி.மீ. தட்டு மேல் கையின் நடுக் கீலில், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிபர் சட்டத்தில். பிடித்தது, ஆனால் வழுக்கியது. வண்டியும் ஆளும் 100 கிலோ, எடை மையம் 90 செ.மீ. உயரம் என்றால், 5 டிகிரி சாய்விலேயே 7 செ.மீ. ஆரத்தில் 110 கிலோவுக்கு மேல் பிடிக்க வேண்டியிருக்கிறது. 2 மி.மீ. தகட்டில் 20 செ.மீ. ஆரத்துக்கு விசிறி போல வெட்டி மாட்டினால் 40 கிலோ போதும். இப்போது நிற்கிறது. ஓடும்போது மட்டும் பூட்டைத் தொடக் கூடாது. வளைவில் பூட்டு விழுந்தால் மறுபடியும் பழைய சைடு வீல் வண்டிதான், அதுவும் 45 செ.மீ. அகலத்தில்.

ஓட்டிப் பார்க்க, காலியான மைதானத்தில் லேசான இறக்கம் போதும். ஒருவர் கூடவே ஓடட்டும், ஹெல்மெட் கட்டாயம். இடப்பக்கம் போக ஹேண்டிலின் இடப்பக்கத்தை லேசாக முன்னே தள்ள வேண்டும். பைக் ஓட்டுகிறவர்கள் தெரியாமலே செய்வது அது. சைடு வீல் பழகியவர்கள் ஆட்டோ மாதிரி நேராகத் திருப்புவார்கள். மாப்பிள்ளை இடதுபக்கம் திருப்பினான், வண்டி வலதுபக்கம் சாய்ந்தது, "என்னா மாமா இது" என்று கத்தினான். நாலாவது தடவை பிடிபட்டது. ஆனால் நிறுத்தும் நேரத்தில் பிரேக்கும் பூட்டும் ஒரே கைக்கு வந்துவிட்டதால் இரண்டு முறை படுத்துவிட்டான். பூட்டின் லீவரை இடது கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.