டேப் வாங்கியாச்சு, பிள்ளை இன்னும் பேசலையே?

பேச்சு வராத பிள்ளைக்குப் பேச உதவும் கருவி வேண்டும் என்றதும் பல வீடுகளில் முதலில் நகை அடகுக்குப் போகிறது. புது டேப், அதில் படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைக் குரலில் சொல்லும் ஒரு ஆப். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதில் யூடியூப் ஓடிக்கொண்டிருக்கும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று எங்கே போனாலும் இதே கதைதான். கருவியின் விலையை விட, வீட்டில் உள்ளவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "படத்தைக் காட்டிப் பழகிட்டா அப்புறம் வாயே திறக்க மாட்டான்" என்று பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். பட அட்டையோ ஆப்போ பேச்சைத் தடுப்பதில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடியதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. இன்னும் ரெண்டு வயசு போகட்டும் என்று காத்திருப்பதில் நஷ்டம் மட்டும்தான்.

அடுத்து, போர்டில், அதாவது பிள்ளை தொட்டுக் காட்டும் படங்கள் உள்ள தாளிலோ ஆப்பின் திரையிலோ, என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர், சோறு, பிஸ்கட், பாத்ரூம். இந்த நாலை வைத்துக்கொண்டு ஒரு ஆள் என்ன பேசுவது? வேணாம், நிறுத்து, இன்னும், வலிக்குது, பிடிக்கல, வீட்டுக்குப் போலாம் ஆகியவை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ‘வேணாம்’ என்று சொல்ல வழியில்லாத பிள்ளை தட்டைத் தள்ளிவிடும், கையைக் கடிக்கும். நாம் அதற்குப் பிடிவாதம் என்று பேர் வைத்துவிடுவோம். அந்தரங்க உறுப்புகளின் பெயர்களும், ‘அடிச்சாங்க’, ‘தொட்டாங்க’ என்பவையும் கட்டாயம் வேண்டும். கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிறார்கள். தனக்கு நடந்ததை அந்தப் பிள்ளை வேறு எப்படித்தான் சொல்லும்?

அவர்களுடைய உலகமும் அதில் இருக்கட்டும். அப்பா மீன்பிடி போட்டுக்குப் போகும் காசிமேட்டு வீட்டில், பையன் கையில் இருந்த ஆப்பில் பனிமனிதன் படம் இருந்தது. வஞ்சிரம் இல்லை, கடம்பா இல்லை, போட்டும் இல்லை. போனிலேயே படம் எடுத்துச் சேர்த்தால் வேலை முடிந்தது.

சரி, போர்டு தயார். இப்போது பெரும்பாலோர் பரீட்சை வைக்க ஆரம்பிப்பார்கள். "ஆப்பிள் எங்க? காட்டு. பூனை எங்க?" இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? முதலில் பேச வேண்டியது நாம், அதுவும் அதே போர்டைத் தொட்டு. இட்லி வைக்கும்போது ‘இன்னும்’ படத்தைத் தொட்டுக்கொண்டே "இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள். அப்புறம் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அந்தப் பத்து நொடி நமக்குத்தான் கஷ்டம். மூணிலேயே வாய் திறந்துவிடுவோம். பிள்ளை தொடாவிட்டாலும் பரவாயில்லை, மறுபடி நீங்களே தொட்டுக் காட்டுங்கள். இது வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை.

படங்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். இருட்டிலும் நம் கை சுவிட்சைக் கண்டுபிடிப்பது போல, பழகிய பிள்ளையின் விரல் படத்தைப் பார்க்காமலேயே போகும். ஆரம்பத்தில் குறைவாக வேண்டுமானால் மற்ற கட்டங்களை மறைத்து வையுங்கள். இருப்பதை நகர்த்த வேண்டாம்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு விரல் ஒத்துழைக்காவிட்டால், பெரியவர்கள் கையைப் பிடித்துத் திரையில் வைத்துவிடுகிறார்கள். அதில் வருவது யாருடைய பேச்சு? கையைப் பிடித்து எழுத வைக்கும் முறையை அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-லேயே கூடாது என்று சொல்லிவிட்டது. ஒளிபுகும் பிளாஸ்டிக் ஷீட்டின் நாலு மூலையில் படம் ஒட்டி, எதிரில் பிடித்து, கண் எங்கே போகிறது என்று பாருங்கள். அல்லது நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வாருங்கள், வேண்டியது வரும்போது அவன் கண் சிமிட்டட்டும். ஆண்ட்ராய்டு போனைத் திரையைத் தொடாமல், ஒரே ஒரு பட்டனை (சுவிட்சை) அழுத்தி இயக்கும் வசதியும் இருக்கிறது.

செலவு பற்றி. லேமினேட் செய்த தாள்தான் முதல் கருவி. ஸ்பெயினின் அரகோன் அரசு வெளியிடும் அராசாக் படங்கள் இலவசம். வளர்ப்பு நாய்க்கு என்று ஆன்லைனில் விற்கும் குரல் பதியும் பட்டனும், சிறப்புக் கருவி என்ற பேரில் விற்பதும் செய்கிற வேலை ஒன்றுதான், முன்னது மலிவு. பழைய ஆண்ட்ராய்டு போன் இருந்தால் தமிழ்க் குரலும் அதில் கிடைக்கும். நம்ம சென்னையில் உருவான ஆவாஸ் ஆப்பில் தமிழ் உண்டு. பணம் கட்டும் முன் இலவசமாகச் சோதித்துப் பாருங்கள். எந்த ஆப் ஆனாலும் திரையைப் ‘பின்’ செய்து, அதாவது அந்த ஆப்பிலேயே நிற்கும்படி போன் செட்டிங்கில் பூட்டி வைத்தால், யூடியூபுக்கு எளிதில் தாவ முடியாது.

டேப் இருந்தாலும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். மீன்பிடித் துறைமுகத்து வெயிலில் திரை தெரியாது, ஏலச் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்காது. சார்ஜும் தீரும்.

சேட்டை செய்தான் என்று கருவியைப் பிடுங்கி வைப்பதைப் போல மோசமானது வேறில்லை. அது அவன் வாய்; தண்டனை தருவதென்றால் வேறு ஏதாவது யோசியுங்கள்.

எந்தக் கருவி பொருந்தும் என்று நிபுணரிடம் காட்ட, கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து முட்டுக்காடு போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் முன்னாலேயே போன் செய்து நேரம் வாங்குங்கள். வீட்டில் அவன் எப்படிக் கேட்கிறான், எப்படி மறுக்கிறான் என்று சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் எதையும் காட்ட மாட்டார்கள்.